பூட்டிய வாத்தியம்

என் பேத்தி கீபோர்டு கற்கிறாள். "இன்னும் ஒரு மணி நேரம் வாசி" என்று விரட்டுவது என் வழக்கம். ஹார்ப்சிகார்டைப் பற்றிப் படித்தபின் அதை நிறுத்திவிட்டேன்.

பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டும். அதற்கு மூத்த ஹார்ப்சிகார்டிலோ, கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு மரச்சட்டம் எழும்பும். அதில் செருகிய இறகுமுனை, வீணையை மீட்டுவதுபோல், கம்பியைச் சுண்டும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒலி அநேகமாகக் கூடாது. ஸ்வரத்தை எப்போது தொட்டு எப்போது விடுகிறோம் என்பதில்தான் பாவம் இருக்கிறது.

பிரெஞ்சு மேதை பிரான்சுவா கூப்ரன் 1716-ல் வெளியிட்ட போதனை நூலில், சிறுவர்களுக்கு மென்மையாக இறகிட்ட வாத்தியமே ஏற்றது என்கிறார். ஆரம்பப் பாடங்களில் வாத்தியத்தைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோவாராம்! முக்கால் மணி நேரம் கற்பித்ததைப் பிள்ளை தனியே நொடியில் கெடுத்துக்கொள்ளக் கூடாதே!

இப்போது நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பேத்தியின் அருகில் அமர்ந்து, அவள் விரல்களைப் பார்க்கிறேன்.