வரைபடத்திற்கு இடும் கட்டளை

ஒரு பெரிய மருத்துவமனையைக் கட்டுவதற்குரிய வரைபடங்கள் இருநூறு தாள்களில் வரைந்து முடிந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தூண்களில் இடவேண்டிய இரும்புக் கம்பியின் விட்டம் 12 மில்லிமீட்டர் என்று அவற்றில் குறித்திருக்கிறது. பொறியாளர் மீண்டும் கணக்கிட்டுப் பார்த்து, 16 மில்லிமீட்டர்க் கம்பியே வேண்டும் என்று முடிவு செய்கிறார். இனி, அக்குறிப்பு உள்ள தாள்கள் அனைத்தையும் திருத்தியாக வேண்டும். மையால் வரைந்த காலத்தில், சவர பிளேடினால் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அவ்விடத்தில் புதிய எழுத்தை எழுதுவார்கள். இன்று கணிப்பொறியில் வரைகிறோம். ஆயினும், ஒவ்வொரு தாளாகத் திறந்து ஒவ்வோர் எண்ணாக மாற்றிக்கொண்டிருந்தால், கருவி மாறியதேயன்றி உழைப்பு மாறவில்லை. அவ்வுழைப்பைக் கணிப்பொறியிடமே ஒப்படைக்கும் முறையைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

இதை அறிவதற்கு முன், கணிப்பொறியில் வரைபடம் எவ்வாறு இருக்கிறது என்பதை அறிய வேண்டும். திரையில் தோன்றுவது கோடு. உள்ளே இருப்பது கோடன்று, அதைப் பற்றிய ஒரு பட்டியல். பலரும் பயன்படுத்தும் 'ஆட்டோகேட்' என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வோர் உருவின் பட்டியலிலும் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. 0 என்ற எண்ணின்கீழ், அது கோடா, வட்டமா, எழுத்தா என்பது இருக்கும். 8-இன்கீழ், அது எந்த 'லேயரை'ச் சேர்ந்தது, அதாவது எந்த அடுக்கில் வரையப்பட்டது என்பது இருக்கும். கோடானால், 10 தொடங்கும் இடத்தையும் 11 முடியும் இடத்தையும் சொல்லும். வட்டத்தில் 40 என்பது ஆரம். எழுத்தில் அதே 40 எழுத்தின் உயரம். எழுதிய சொற்கள் 1-இன்கீழ் இருக்கும். படம் பட்டியலாகிவிட்டபடியால், பட்டியலைத் திருத்தினால் படமும் திருந்திவிடும்.

இக்கருத்து புதியதன்று. 1963-இல் ஐவன் சதர்லாந்து என்பவர், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தமது டாக்டர் பட்ட ஆராய்ச்சியாக 'ஸ்கெட்ச்பேட்' என்ற திட்டத்தை அமைத்துக் காட்டினார். ஒளிப்பேனாவினால் திரையில் வரையலாம். ஒரு மூல உருவைப் பல இடங்களில் பதிக்கலாம். மூலத்தைத் திருத்தினால் அதன் பிரதிகள் அனைத்தும் திருந்தும். 1982-இல் ஆட்டோகேட் வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் 'ஆட்டோலிஸ்ப்' என்ற கட்டளை மொழியும் அதனோடு சேர்ந்தது. 1958-இல் ஜான் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கிய 'லிஸ்ப்' மொழியின் வழியில் வந்தது அது. பட்டியல்களைக் கையாள்வதற்கென்றே பிறந்த மொழியாதலால், பட்டியலாக இருக்கும் வரைபடத்திற்கு அது நன்கு பொருந்திற்று.

கட்டளையிடுவதில் இரு வகை உண்டு. விசைப்பலகையில் வரிசையாக அடிக்க வேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்து, அவ்வாறே ஓடவிடுவது ஒன்று. இதை 'ஸ்கிரிப்ட்' என்பர். மற்றொன்று, ஆய்ந்து பார்த்துச் செய்யும் ஆட்டோலிஸ்ப் நிரல். அதன் வேலை நான்கு படிகளில் அடங்கும். தேவையான உருக்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் பட்டியலையும் படிக்க வேண்டும். மாற்ற வேண்டிய செய்தியை மாற்ற வேண்டும். மாற்றிய பட்டியலைத் திரும்ப வைக்க வேண்டும். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தாளாகத் திறந்து கொடுக்க, நிரல் அதைத் திருத்தும்.

இனி அபாயத்தைச் சொல்கிறேன். '12 என்று இருக்கும் இடமெல்லாம் 16 என்று மாற்றுக' என்று ஒருவர் கட்டளை எழுதிவிட்டார். கம்பிகள் திருந்தின, உடன், 1200 மில்லிமீட்டர் அகலமுள்ள கதவு என்ற குறிப்பு 1600 என்று ஆயிற்று. 12-ஆம் எண் அறை 16-ஆம் எண் அறையாயிற்று. கணிப்பொறி ஒரு சொல்லும் ஆட்சேபிக்காது, சொன்னதைச் செய்தது. கையால் திருத்தும்பொழுது, இது கம்பி, இது கதவு என்று நம் கண் தானே பிரித்துக் கொள்கிறது. அப்படிப் பிரிப்பதை நாமே உணர்வதில்லை. கட்டளை எழுதும்பொழுதோ, அந்தப் பகுத்தறிவை ஒவ்வொரு நிபந்தனையாகச் சொல்ல வேண்டும். 'தூண் கம்பிக்குரிய அடுக்கில் உள்ள எழுத்தாக மட்டும் இருக்க வேண்டும். 12-க்கு முன்னும் பின்னும் வேறு இலக்கம் இருத்தலாகாது' என்று வரையறுக்க வேண்டும். வரைந்தவர்கள் அடுக்குகளை ஒழுங்காகப் பிரித்து, குறியீடுகளை ஒரே விதமாக எழுதியிருந்தால்தான் இந்த வரையறை பயன்படும்.

வரையறுத்தாலும், பொருளை இயந்திரம் அறியாது. 12 மில்லிமீட்டர்க் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.89 கிலோகிராம் எடையுள்ளது. 16 மில்லிமீட்டர்க் கம்பி 1.58 கிலோகிராம். எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, தாளின் மூலையில் உள்ள எடைப் பட்டியலை மறந்தால், இரும்பு குறைவாகவே வாங்கப்படும்.

ஆகவே, அனுபவமுள்ளவர்கள் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கிறார்கள். முதலில் கோப்புகளுக்குப் பிரதி எடுத்துவைக்கிறார்கள். நிரல் எதையும் மாற்றாமல், மாற்றவிருப்பவற்றை எண்ணிப் பட்டியலிடுமாறு மட்டும் ஒருமுறை ஓடவிடுகிறார்கள். ஒரு தாளில் கையால் எண்ணிய எண்ணிக்கையோடு அதை ஒப்பிட்ட பின்னரே, மற்றத் தாள்களுக்கு அனுமதி தருகிறார்கள்.

மாணவ நண்பர்களே! பைத்தான் முதலிய வேறு மொழிகளிலும் இன்று இத்தகைய நிரல்களை எழுதுகிறார்கள். எம்மொழியாயினும், ஒரு திருத்தத்தை முதலில் பத்து முறை கையால் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் கண் எதைப் பார்த்து முடிவு செய்தது என்று குறித்துக் கொள்ளுங்கள். அக்குறிப்பே உங்கள் முதல் நிரலாகும்.