பத்து வருடக் கெடு

கங்கைகொண்டானில் சிற்றாற்றுக்கரை வயல்களை ஊடறுத்துப் போகிறது மணியாச்சி–திருநெல்வேலி ரயில் பாதை. 1876-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட தடம் அது. இப்படி ஒரு பாதை ஒரே ஆளின் நஞ்சையைப் பிளக்கும்போது நடுத்துண்டு ரயில்வேக்குப் போகும். பட்டாதாரருக்கு இருபுறமும் இரண்டு உட்பிரிவுகள் மிஞ்சும். கிணறு இந்தப் பக்கம், களம் அந்தப் பக்கம்.

மாடு எப்படிக் கடக்கும்? சட்டம் இதை மறக்கவில்லை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, பாதையால் நிலத்தின் பயன்பாடு தடைபட்டால் கடவு, பாலம், மதகு, வாய்க்கால் ஆகியவற்றை ரயில்வே தன் செலவில் அமைத்துப் பராமரிக்க வேண்டும். கால்நடைகள் கடக்கவென்றே 'டி' வகுப்புக் கடவு என்று ஒன்று உண்டு. ஆனால் கடவுக்குப் பதிலாக இழப்பீடு வாங்கியிருந்தால் கேட்க முடியாது. அதைவிடப் பெரிய முடிச்சு, காலக்கெடு: முதல் ரயில் ஓடிப் பத்து வருடம் கடந்துவிட்டால், கூடுதல் கடவுக்கு ரயில்வே பணம் போடக் கட்டாயமில்லை. கங்கைகொண்டானுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 1886 வருகிறது. சட்டம் பிறப்பதற்கு நூறு வருடம் முன்பே முடிந்த கெடு! இனி 17-ஆவது பிரிவுதான் வழி: ரயில்வே சம்மதித்தால், கேட்பவர் செலவில் கட்டிக்கொள்ளலாம்.

பத்திரத்தில் எழுதிய வழிநடைப் பாத்தியம் பக்கத்து வயல்காரரிடம் செல்லும். தண்டவாளத்தில் செல்லாது. அனுமதியின்றிக் கால் வைத்தால் 147-ஆவது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கெடுபிடி எதற்கு என்று கேட்டால், ஒரு டிராக்டரைப் பாருங்கள். டிரெய்லரோடு இரட்டைப் பாதையை முழுதாகத் தாண்ட அது சுமார் 21 மீட்டர் நகர வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டரில் ஊர்ந்தால் 15 வினாடி ஆகும். அதற்குள் 110 கிலோமீட்டர் வேக ரயில் சுமார் 460 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்தாலும் நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தேவை. வளைவிலோ, உடைமரம் மறைத்த இடத்திலோ அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது.

2019 ஜனவரி முடிவோடு நாட்டின் அகலப் பாதைகளில் ஆளில்லாக் கடவுகள் ஒழிக்கப்பட்டன. சிலவற்றுக்கு ஆள் போட்டார்கள், சிலவற்றை மூடினார்கள், பல இடங்களில் உயரம் குறைந்த சுரங்கப்பாதை வந்தது. உயிர்ச்சேதம் குறைந்தது உண்மை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வைக்கோலை உச்சி வரை ஏற்றிய லாரி அந்தச் சுரங்கப்பாதைக்குள் நுழையாது. மழை பெய்தால் தண்ணீர் கட்டும். அதை வடிக்க யார் நிலத்தில் வாய்க்கால் வெட்டுவது என்பது அடுத்த பஞ்சாயத்து.