வல்லார்பாடத்துக்கு வரும் வங்கக்கடல்

வல்லார்பாடம் முனையத்துக்குப் பெட்டகக் கப்பல்கள் நுழையும் அதே கொச்சி முகத்துவாரத்தின் வழியாகத்தான் மீன்பிடி வள்ளங்களும் வெளியேறுகின்றன. குமரி மாவட்டம் தூத்தூர்ப் பகுதி மீனவர்களின் ஆழ்கடல் விசைப்படகுகளும் கொச்சியிலிருந்து லட்சத்தீவைத் தாண்டிப் போகும். இவர்கள் ‘நீவாடு’ என்று சொல்லும் நீரோட்டம் அங்கே நேராக ஓடுவதில்லை. பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழல்கிறது.

வாடைக்காலத்தில் வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீர் இலங்கையையும் குமரிமுனையையும் சுற்றி வந்து கேரளக் கரையோரமாக வடக்கே ஏறுகிறது. வங்கக்கடல் காற்று கிளப்பும் நீண்ட அலைகளும் கரையைப் பற்றியபடியே வந்து, பிறகு மேற்கே திரும்புகின்றன. அப்போது லட்சத்தீவருகே வலஞ்சுழியாக ஒரு பெரும் சுழல் உருவாகிறது. இதன் இயக்கத்தைக் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் சங்கரும் ஷெட்யேவும் 1997இல் விளக்கினார்கள். சுழலின் நடுவில் நீர் குவிந்து கீழே அழுத்துவதால் நைட்ரேட், பாஸ்பேட் நிறைந்த அடிநீர் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். மேலே கிடக்கும் உப்புக் குறைந்த நீர் மூடிபோல வெப்பத்தைப் பிடித்துவைக்க, ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் கடல் 30 டிகிரியைத் தாண்டிச் சூடேறுகிறது.

தென்மேற்குப் பருவமழையில் எல்லாம் தலைகீழ். சுழல் இடஞ்சுழியாகிறது, கரையோரக் காற்றும் சேர்ந்துகொள்ள, குளிர்ந்த அடிநீர் மேலே வருகிறது. சத்தான நீரில் வெயில் பட்டதும் நுண்பாசி பெருகும். அதைத் தின்றுதான் மத்தி கொழுக்கிறது.

ஆனால் மேலேறும் அந்த நீரில் ஆக்சிஜன் குறைவு. செத்து அடியில் இறங்கும் பாசியை மட்கவைக்கும் பாக்டீரியாக்கள் எஞ்சியதையும் தீர்த்துவிட்டு நைட்ரேட்டுக்குத் தாவுகின்றன. அதிலிருந்து பிறக்கும் நைட்ரஸ் ஆக்சைடு புவியைச் சூடாக்கும் வாயு. பருவமழையின் கடைசியில் மேற்குக் கரையின் சில இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடுகூடத் தேங்குகிறது. கடலடி மீன்கள் மூச்சுக்காக இடம்பெயர்கின்றன.

கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்ட மத்தி, 2021இல் 4 ஆயிரம் டன்கூடத் தேறவில்லை. குஞ்சு மீன் பிடித்ததுதான் காரணம் என்று மீனவர் தலையில் மட்டும் கட்டுவதை என்னால் ஏற்க முடியாது. குஞ்சுகளைப் பிடிப்பது தவறுதான். கடலின் சூடும் உணவும் மூச்சும் மாறியதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் கொண்டு மீன் கூடும் இடங்களைச் சொல்கிறது. மழைமேகம் மூடினால் கடலின் பச்சை செயற்கைக்கோளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அடியிலுள்ள ஆக்சிஜனை அது அளக்காது. இழுவலைத் தடைக்காலத்திலும் கடலுக்குப் போகும் வள்ளங்களுக்கு அந்த அளவும் கரையிலேயே கிடைக்க வேண்டும்.