நடுவயதில் தாம்பத்தியம்

"பேரன் பேத்தி எடுத்த வயதில் இதென்ன பேச்சு" என்ற ஒரே வாக்கியத்தால், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ராயகிரியிலாகட்டும், அதைச் சூழ்ந்த சிவகிரி வட்டத்து வேறெந்த ஊரிலாகட்டும், நடுவயது ஸ்திரீகளின் தாம்பத்திய சுகம் பற்றிய விசாரணை தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது. நாட்டம் குன்றுவதும், உணர்ச்சி எழத் தாமதிப்பதும், சேர்க்கையில் எரிச்சலும் வலியும் காண்பதும் வயதின் தர்மமென்று அவர்கள் சகித்துக்கொள்கிறார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், தம்மிடம் சிகிச்சைக்கு வந்த 149 பெண்களை விசாரித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 73 பேருக்கு இத்தகைய குறை ஏதேனும் ஒன்று இருந்தது. நாற்பது வயதைக் கடந்தவர்களிடமும் கல்வி குறைந்தவர்களிடமும் அது மிகுதி. மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கை நாட்டுக்கே ஏற்றிச் சொல்வது நியாயமன்று. ஆனால் அவர்களில் ஒருவர்கூட அதற்காக வைத்தியரை நாடியதில்லை என்ற செய்தியை எந்த ஊருக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

காரணங்களில் முதன்மையானது மாதவிலக்கு நிற்பது; நம் தேசத்துப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதிலேயே, மேனாட்டாருக்குச் சில ஆண்டுகள் முந்தியே நேர்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறையவே, பிறப்புறுப்பின் உட்சவ்வு மெலிந்து, ரத்த ஓட்டம் தளர்ந்து, இயல்பான ஈரம் வற்றுகிறது. ஒருமுறை வலி கண்ட சரீரம் மறுமுறை தானாகவே பின்வாங்குகிறது; அந்தப் பின்வாங்கலையே மனம் "விருப்பமில்லை" என்று அர்த்தப்படுத்திக்கொள்கிறது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கோ, ஆண்டுக்கணக்கில் மெல்ல வரவேண்டிய இம்மாற்றம் சில நாட்களில் வந்து நிற்கிறது.

சர்க்கரை நோயும் நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுத்து உணர்ச்சியைக் குன்றச் செய்யும்; தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தத்தில் சர்க்கரை மிகுதியென்பது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் முடிவு. தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, அச்சோர்வுக்கென்றே தரப்படும் சில மாத்திரைகள் ஆகியவையும் இவ்வாறே நாட்டத்தைக் குறைக்கும்; அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. கணவருக்கே சர்க்கரையால் ஆண்மை தளர்ந்திருக்க, பழி மனைவியின்மேல் விழும் வீடுகளும் உண்டு. விடியுமுன் எழுந்து வயலுக்குப் போய், இரவில் உடம்பெல்லாம் அனல் பறந்து உறக்கம் கெட்டு, மகனும் மருமகளும் அடுத்த அறையில் இருக்கும் வீட்டில் படுப்பவளுக்கு உணர்ச்சி எங்கிருந்து எழும்? இது எந்தப் பரிசோதனையிலும் தெரியாத காரணம்.

குற்றாலத்து அருவிக் குளியல் அசதியைப் போக்கும். மெலிந்த சவ்வைத் தேற்றாது. அதற்கு மருத்துவர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு; மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் தாமதமின்றிப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடுதேடி மாத்திரை கொண்டுவருபவரும் ஒரு பெண்தான். அடுத்த முறை அவர் வரும்போது, அக்கா, இந்தக் குறையையும் அவரிடம் சொல்லுங்கள்.