இறுகியும் இளகியும் ஓடும் கார்

புதிய மோட்டார்க் கார் வாங்கப் புகுவோர் முன் இக்காலத்தில் இரண்டு விலைகள் வைக்கப்படுகின்றன. ஒன்று காரின் விலை. மற்றையது, வேண்டுமாயின் சேர்த்துக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் நீட்டும் பட்டியலின் விலை. முன்னதைப் பற்றிக் குடும்பத்தார் பல நாள் கூடி ஆலோசிப்பர். பின்னதையோ கடையிலிருந்தவாறே அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுவர். அப்பட்டியலில் உள்ள பொருள்களுள், வீதியின் தன்மைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் சஸ்பென்சன் என்பதும் ஒன்று. அதற்குப் பணங் கொடுப்பது தகுமா, தகாதா என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலிற் பொருளை விளங்கிக்கொள்வோம். நம் முன்னோர் ஏறிச் சென்ற சாதாரண மாட்டு வண்டிலில் அச்சின்மேல் நேரே தட்டு அமைந்திருந்தது. சில்லு கல்லில் ஏறினால் அந்த அடி இருப்பவரின் முதுகிலே விழுந்தது. வசதி படைத்தோர் வில்லு வண்டி வைத்திருந்தனர். இடையிலிருந்த இரும்பு வில் அடியைத் தாங்கிற்று. ஆயினும் வில்லுக்கு ஒரு குறை உண்டு. அமுக்கப்பட்ட வில் தான் பெற்ற சக்தியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, உடனே திருப்பிக் கொடுக்கும். அதனால் வண்டி மேலுங் கீழுமாக ஆடிக்கொண்டேயிருக்கும். மெல்ல ஊரும் வண்டிக்கு இது பொறுக்கத்தக்கது. மணிக்கு 100 கிலோமீற்றர் ஓடும் காருக்கோ பேராபத்து. சில்லு நிலத்தை விட்டெழுந்த கணத்தில் பிறேக்கும் பயன்படாது, சுக்கானைத் திருப்புவதும் பயன்படாது.

இவ்வாட்டத்தை அடக்குவதற்கே தணிப்பான் ஏற்பட்டது. கராஜுகளில் இதனைச் சொக் அப்சோபர் என்பர். எண்ணெய் நிறைந்த குழாயொன்றினுள் ஒரு பிஸ்டன் ஏறி இறங்குகிறது. எண்ணெய் சிறு துவாரங்களினூடே நெருங்கிச் செல்லும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிக் கழிந்துவிடுகிறது. துவாரம் சிறிதாயின் தணிப்பான் இறுக்கமானது, பெரிதாயின் இளக்கமானது.

எவ்வளவு இறுக்கம் வேண்டும்? இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. பௌதிகம் பயிலும் மாணவர்கள் இதனைச் சற்று ஊன்றி நோக்குவாராக. காரின் உடல் தன் விற்களின்மேல் வினாடிக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 முறை ஆடும் இயல்புடையது. இதுவே அதன் இயற்கை மீடிறன். வீதியிலிருந்து வரும் ஆட்டம் இம்மீடிறனின் ஏறத்தாழ 1.4 மடங்கிற்குக் குறைந்ததாயின், தணிப்பு மிகுதல் நன்று. அதற்கு மேற்பட்டதாயின், தணிப்பு மிகுதல் தீது. இறுகிய தணிப்பான் அதிர்வைத் தடுப்பதற்குப் பதிலாக உள்ளே கடத்திவிடும். மனித உடலோ, மேலுங் கீழுமான அதிர்வுகளில் வினாடிக்கு 4 முதல் 8 வரையானவற்றையே மிகுதியாக உணர்கிறது. ஆகவே, நெடுஞ்சாலையின் அலைபோன்ற மேடு பள்ளங்களுக்கு இறுக்கம் வேண்டும். கற்கள் பாவிய தெருவுக்கு இளக்கம் வேண்டும். துவாரம் மாறாத தணிப்பான் இரண்டுக்கும் நடுவே ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளலாமேயன்றி, இரண்டையும் முற்றாக நிறைவேற்ற இயலாது.

இவ்விக்கினத்தைத் தீர்க்கப் பொறியியலாளர் நெடுங்காலம் முயன்றுள்ளனர். 1955 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் சித்ரொயென் கம்பனி காட்டிய டீ.எஸ். என்னும் கார், உருக்கு வில்லுக்குப் பதிலாக நைதரசன் வாயுவையும் எண்ணெயையும் கொண்டு ஓடிற்று. 1983 இல் யப்பானின் ரொயோட்டா கம்பனி தன் சோரர் காரில், இலத்திரனியலால் இறுக்கம் மாறும் தணிப்பானைப் பொருத்தியது. 2002 இல் அமெரிக்காவின் கடிலாக் கார் ஒன்றில், நுண்ணிய இரும்புத் துகள் கலந்த எண்ணெய் பயன்படுத்தப்பட்டது. மின்னோட்டத்தால் காந்தப் புலம் உண்டாக்கியதும் அவ்வெண்ணெய் கணப்பொழுதில் தடித்துவிடும். இக்காலத்துக் கார்களுட் பெரும்பாலானவற்றில் மின்னால் இயங்கும் வால்வே துவாரத்தைச் சுருக்கி விரிக்கிறது. காரின் உடலும் சில்லுகளும் எவ்வாறு அசைகின்றன என்பதை உணரிகள் அறிவிக்க, கணினி அதற்கேற்பக் கட்டளையிடுகிறது.

இதனைப் பந்தயக் கார்களின் அமைப்போடு மயங்குதல் கூடாது. 1992 இல் நைஜல் மன்செல் உலக வீரரான வில்லியம்ஸ் கார், தன் சொந்த வலுவினால் உடலைத் தூக்கவும் தாழ்த்தவும் வல்லது. 1994 முதல் அம்முறை போர்முலா 1 பந்தயங்களில் தடைசெய்யப்பட்டது. நாம் பேசுவதோ எதனையுந் தூக்காது; எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்க மாத்திரமே வல்லது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் ஏமாற்றம் இராது.

இனி அதன் பயனுக்கு வருவோம். குடும்பக் கார்களுக்கு மெய்யான நன்மை ஒன்றுண்டு. சாரதி தனியே செல்லும்போது 1,400 கிலோகிராம் நிறையுள்ள கார், ஐவரும் பெட்டிகளும் ஏறியதும் 1,800 கிலோகிராம் ஆகிறது எனக் கொள்வோம். கணக்கிட்டுப் பார்த்தால், மாறாத தணிப்பானின் அடக்கும் ஆற்றல் அப்போது ஏறத்தாழ 12 வீதத்தால் தளர்ந்துவிடுகிறது. தன்னை மாற்றும் தணிப்பான் இத்தளர்ச்சியை ஈடுசெய்யும். மேலும், மிக இளகிய கார் சுகமானது என்று எண்ணுவதும் பிழை. வினாடிக்கு ஒன்றிலும் குறைந்த மெல்லிய ஊசலாட்டமே பயணத்திற் குமட்டலை உண்டாக்குவது. பின்னாசனத்திற் பிள்ளைகள் வாந்தியெடுக்கும் குடும்பத்தார் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயின் அதனால் இயலாதன பல. வில்லின் விறைப்பை அது மாற்றாது. கூரிய விளிம்புள்ள குழியிற் சில்லு விழும்போது முதல் அடியை வாங்குவது தணிப்பானன்று, ரயரே. ரயரின் பக்கச் சுவர் உயர்ந்திருந்தால் அடி தணியும், குறுகியிருந்தால் அடி றிம்மிலே விழும். வொக்ஸ்வாகன் கம்பனியின் கோல்ஃப் காரை எடுத்துக்கொள்வோம். அதன் ஏழாந் தலைமுறையிற் பொருத்தப்பட்ட 16 அங்குலச் சில்லின் ரயர் 205/55 அளவினது. பக்கச் சுவர் ஏறத்தாழ 113 மில்லிமீற்றர். 18 அங்குலச் சில்லின் ரயர் 225/40 அளவினது. சுவர் 90 மில்லிமீற்றரே. அழகுக்கெனப் பெரிய சில்லை வாங்கி, அதனால் வந்த குலுக்கலைப் போக்க மீண்டும் பணங் கொடுத்து இலத்திரனியற் தணிப்பான் வாங்குவது, காலில் முள்ளைக் குத்திவிட்டு மருந்து தேடுவதை ஒக்கும்.

ஜேர்மனியில் வதியும் நம் பழைய மாணவர் ஒருவர் இக்காரையே வாங்க எண்ணி, நமது கருத்தைக் கேட்டு எழுதியிருந்தார். அவருடன் வாழும் தாயாருக்கு முள்ளந்தண்டில் நோய். காரிற் செல்வதற்கு அஞ்சி, அவ்வம்மையார் கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். தாயாருக்காக எதனையுஞ் செய்யலாம் என்பது மகனின் எண்ணம். அவ்வெண்ணம் போற்றத்தக்கதே. எனினும் நாம் அவருக்கு எழுதியது இதுதான்: "தம்பி, பட்டியலைப் படித்து முடிவு செய்ய வேண்டாம். அம்மாவையும் உடன் அழைத்துச் சென்று பின்னாசனத்தில் இருத்துக. பெரிய சில்லும் மாறும் தணிப்பானும் உள்ள காரையும், சிறிய சில்லும் சாதாரணத் தணிப்பானும் உள்ள காரையும், கற்பாவிய ஒரே தெருவில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்க்க. எது விலை கூடியது என்பதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். முதுகு தீர்ப்புச் சொல்லட்டும்."

அவர் அவ்வாறே செய்தார். நெடுஞ்சாலையில் மாறும் தணிப்பானே சிறந்தது என்பது மகனின் அநுபவம். ஆயின் தாயாரோ கற்பாவிய தெருவைக் கடந்ததும், "இதிலை இருந்தால் முதுகு நோகேல்லை, மேனை" என்றது சிறிய சில்லுள்ள காரிலிருந்துதானாம். அக்காரே வாங்கப்பட்டது. மிஞ்சிய பணத்தைத் தாயார் ஊருக்கு வந்து போவதற்கென ஒதுக்கி வைத்ததாகப் பின்னர் எழுதினார்.

எல்லார்க்கும் இதுவே விடை என்று நாம் கூறவில்லை. விலையைப் பயணத்தால் வகுத்துப் பார்த்தல் நல்ல வழி. சேர்க்கைக்கு 1,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றராக நான்கு ஆண்டு ஓடுபவருக்கு 100 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1.67 யூரோ ஆகும். ஆண்டுக்கு 5,000 மாத்திரமே ஓடுபவருக்கு அது 5 யூரோ ஆகிவிடும். நெடுந்தூரம் ஓடுபவர், நிறையச் சுமையேற்றுபவர், விறைத்த விற்களுடைய வேகக் காரை விரும்புபவர், உத்தரவாதக் காலம் முடியுமுன் காரை மாற்றுபவர் ஆகியோர் தாராளமாகச் சேர்க்கலாம். நகரத்திற் சிறு தூரம் ஓடுபவரும், ஒரே காரைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வைத்திருப்பவரும் தவிர்ப்பதே நன்று. தணிப்பான் தேய்ந்து போகும் பொருள். சாதாரணமானதை எந்தக் கராஜிலும் மாற்றலாம். இலத்திரனியல் வகை பழுதானால் விலையும் பன்மடங்கு, கிடைப்பதும் அரிது.

இவ்விறுதிச் சொல் நம் நாட்டவர்க்கும் பொருந்தும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. வரிச் சுமையோ பெரிது. அதனாற் பிற நாட்டில் ஓடிய கார்களை நாடுவோர் நம்மிடையே பலர். அக்காரில் மாறும் தணிப்பான் இருப்பதைச் சிறப்பாகக் கூறினால், மகிழுமுன் குனிந்து பார்க்க வேண்டும். தணிப்பானின் உடலில் எண்ணெய் கசிந்த ஈரம் உண்டா, எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, மாற்று உறுப்பு இங்கு கிடைக்குமா என்பவற்றை அறிந்த பின்னரே விலை பேசுக. ரயரின் காற்றைக் கம்பனி குறித்த அளவில் வைத்திருப்பது சில நிமிட வேலை. குழியைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பதற்கோ சதமும் செலவில்லை. இவ்விரண்டையுஞ் செய்யாத சாரதிக்கு எந்தத் தணிப்பானும் சுகந் தராது.