செயற்கை நாடி எத்தனை காலம் உழைக்கும்?

காலுக்குக் குருதி கொணரும் நாடி அடைபடின், நடக்கையிற் கெண்டைக்கால் வலிக்கும். சற்று நின்றால் வலி தணியும். அடைப்பு முற்றினாற் படுக்கையிலும் பாதம் நோகும்; விரல் கறுக்கும்; ஈற்றிற் காலையே களைய நேரும். வாய்க்காலில் மண் சரிந்தவிடத்துப் பக்கத்தே கிளை வெட்டி நீரை அப்பாற் சேர்க்கும் கமக்காரனைப் போல, அடைப்பின் மேலிருந்து கீழ்வரை வேறொரு குழாயைத் தைத்துக் குருதியைச் செலுத்துவது சத்திர வைத்தியர் கண்ட வழி. 1948ஆம் ஆண்டு பாரிசு நகரிற் குன்லின் என்பார் நோயாளியின் காலிலுள்ள நாளத்தையே எடுத்து இதனைச் செய்தார். நாளத்தின் வால்வுகள் குருதியை ஒரு திசையில் மட்டுமே விடுமாதலின், அதனைத் தலைகீழாகத் திருப்பித் தைத்தார்.

ஆனால் தகுந்த நாளம் எல்லாரிடத்தும் இல்லை. சிலர்க்கு அது மெலிந்திருக்கும். சிலர்க்கு இதயச் சிகிச்சைக்காக முன்னரே எடுக்கப்பட்டிருக்கும். எனவே துணிக்குழாய் தேடினர். நியூயோர்க்கில் வூர்ஹீஸ், நாயின் இதய அறையினுட் கிடந்த பட்டு நூலின்மேல் வழுவழுப்பான படலம் படர்ந்திருக்கக் கண்டார். துணியாற் குழாய் செய்யினும் உடல் அதற்கு உட்பூச்சு இட்டுக்கொள்ளும் என எண்ணி ஆராய்ந்து, 1952இல் முடிவை வெளியிட்டார். ஹூஸ்டனில் டிபேக்கி நைலோன் வாங்கக் கடைக்குச் சென்று, அது தீர்ந்தமையால் டாக்ரன் துணி வாங்கிவந்து, வீட்டுத் தையற் பொறியிற் குழாய் தைத்தாராம். கடையிற் சரக்கில்லாமையும் சில வேளை நன்மையே! நுண்டுளைகள் கொண்ட டெப்லோன் குழாய் 1970களில் வழக்கிற்கு வந்தது.

அகன்ற வயிற்றுப் பெருநாடியில், குருதி விரைந்து பாய்வதால், இக்குழாய்கள் பல்லாண்டு உழைக்கின்றன. காலிலோ கதை வேறு. அமெரிக்காவில் வீத் முதலியோர் நாளத்தையும் டெப்லோனையும் ஒப்பிட்டு 1986இல் வெளியிட்ட ஆய்வில், முழங்கால் நாடிவரை தைத்தவற்றுள் நான்காண்டின் பின் அடைபடாதிருந்தவை நாளத்தில் நூற்றுக்கு 68, டெப்லோனில் 47. அதற்கும் கீழுள்ள சிறு நாடிகளில் முறையே 49, 12. இந்தப் பன்னிரண்டே நாம் மறக்கலாகாத எண்.

காரணம் என்ன? வூர்ஹீஸ் எதிர்பார்த்த உட்படலம் மனிதரிற் குழாயின் இரு முனைகளிலுஞ் சிறிது தூரமே படர்கின்றது. இடைப்பகுதி வெறுந் துணியாகவே கிடக்க, ஓட்டம் தளர்ந்தபோது குருதி அங்கு உறைகின்றது. துடிக்கும் நாடியும் விறைத்த குழாயும் சேருமிடத்தில், சிறப்பாகக் கீழ்ப்பொருத்திலே, தசை தடித்து வாயிலை ஒடுக்குகின்றது. கிருமி புகின் குழாயையே அகற்ற வேண்டியும் வரும். பொருத்திற் சிறு நாளத்துண்டை இடையிட்டுத் தைத்தல் முழங்காலின் கீழ் ஓரளவு உதவுகின்றது.

2022இல் வெளிவந்த பெரியதோர் ஆய்வும், நல்ல நாளமுள்ளோர்க்கு முதலில் நாடியினுட் பலூன் செலுத்துவதினும் மாற்றுவழிச் சிகிச்சையே மேல் எனக் காட்டிற்று. அத்தகைய நாளம் இல்லாதோரிடத்து வேறுபாடு தெளிவாகவில்லை. ஆதலால் வைத்தியர் முதலில் ஒலியலைக் கருவியால் நாளத்தைத் தேடுவர். கிடையாதபோதே குழாயை நாடுவர். குழாய் வைத்தபின் புகைப்போர்க்கு அது விரைவில் அடைபடும். வைத்த கால் திடீரெனக் குளிர்ந்து வெளிறினால் மறுநாட் காலைவரை காத்திராது அன்றே, அந்நேரமே, வைத்தியசாலை சேர்தல் வேண்டும். சில மணி நேரத்திற்குள் அடைப்பை நீக்கினாற் காலைக் காத்தல் கூடும்.