மஞ்சள் அரசன் யாருடைய ஆள்?

ஞாயிறு பின்னேரங்களில் யோகபுரத்திலிருந்து மல்லாவிக்கு வரும் என் மருமகன், தேத்தண்ணி ஆறுவதற்குள் ஏதாவது வழக்கைத் தொடங்கிவிடுவான். போன கிழமை தொடங்கியது இது: "மாமா, 'சுழல்' எண்ட தொடர் அமெரிக்காவின்ர 'ட்ரூ டிடெக்டிவ்'ஐப் பார்த்துக் கொப்பி அடிச்சதாம். அதுவும் ஏதோ பழைய புத்தகத்தைக் கொப்பி அடிச்சதாம். அப்ப ஆர்தான் சொந்தமா எழுதினது?"

இருண்ட குற்றத் தொடர் எது வந்தாலும் இந்த வழக்கும் பின்னாலேயே வரும். ஒரு கதையிலிருந்து இன்னொன்றுக்குப் போனது பெயரா, கதையின் எலும்பா, வாய்ச்சொல்லா என்று முதலில் பிரித்துக் கேட்டால் வழக்கில் பாதி தீர்ந்துபோகும்.

'ட்ரூ டிடெக்டிவ்' முதல் பருவம் 2014 ஜனவரியில் எச்.பி.ஓ.வில் தொடங்கியது. எட்டே அத்தியாயங்கள். எழுதியவர் நிக் பிஸோலாட்டோ. லூசியானாவில் 1995இல் ஒரு பெண்ணின் உடல் மரத்தடியில் கிடக்கிறது, தலையில் மான்கொம்பு முடி. விசாரிக்க வருகிற இரண்டு துப்பறிவாளர்களின் காதில் 'மஞ்சள் அரசன்', 'கார்கோசா' என்ற பெயர்கள் விழத் தொடங்குகின்றன. இவை எங்கிருந்து வந்தன என்று ரசிகர்கள் தேடியதில், 1895இல் ராபர்ட் சேம்பர்ஸ் எழுதிய 'மஞ்சள் அரசன்' என்ற கதைத் தொகுப்பு நூறு வருசத்துக்குப் பிறகு திரும்பவும் மளமளவென்று விற்றது. அந்தக் கதைகளுக்குள் ஒரு நாடகப் புத்தகம் இருக்கிறது. அதன் இரண்டாம் அங்கத்தை வாசித்தவனுக்குப் புத்தி பேதலித்துவிடும்.

ஆனால் கார்கோசா சேம்பர்ஸின் ஊரும் அல்ல. 1886இல் அம்புரோஸ் பியர்ஸ் எழுதிய சிறுகதை ஒன்றிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பெயர் அது. சேம்பர்ஸிடமிருந்து திகில்கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட் சில பெயர்களை எடுத்துத் தன் கதையொன்றில் போட்டார். கைமாறிக் கைமாறி வந்த இந்தப் பெயர்களைத்தான் பிஸோலாட்டோவும் எடுத்தார். அதற்குமேல் சேம்பர்ஸின் புத்தகத்திலிருந்து பெரிதாக ஒன்றும் எடுக்கவில்லை என்பதே என் எண்ணம். கடைசி அத்தியாயத்தில் வேற்றுலக அரசன் வருவான் என்று காத்திருந்த ரசிகர்கள் ஏமாந்ததும் இதனால்தான். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வீடே அதுதான் என்று நம்பிவிட்டார்கள்.

வாய்ச்சொல் விசயம் இதைவிடச் சிக்கல். ரஸ்ட் கோல் என்ற துப்பறிவாளன் காரில் போகும்போது, மனிதனுக்குச் சுயவுணர்வு வந்ததே இயற்கையின் பிழை, இந்த இனம் பெருகாமல் அடங்கிப்போவதே நல்லது என்ற தோரணையில் கதைப்பான். தாமஸ் லிகாட்டி 2010இல் வெளியிட்ட தத்துவ நூலை வாசித்தவர்களுக்கு அது பழகிய குரலாகப் பட்டது. 2014 ஆகஸ்டில் சிலர் இரண்டையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்துக் களவு என்றே குற்றம் சாட்டினார்கள். பிஸோலாட்டோ மறுத்தார். கோலின் எண்ணங்கள் எந்த ஒரு எழுத்தாளருக்கும் சொந்தமல்ல, ஷோபன்ஹவர், நீட்சே, சியோரான் என்று நீளும் மரபு அது என்பது அவர் பதில். எச்.பி.ஓ.வும் அவர் பக்கமே நின்றது.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எண்ணத்துக்கு ஒருவரும் காணி உறுதி முடிக்க இயலாது. பதிப்புரிமைச் சட்டம் காப்பது எண்ணத்தை அல்ல, அது சொல்லப்பட்ட விதத்தை. ஆனால் சொல்லின் வளைவும் உவமையும் ஒத்துப்போகும்போது, 'மரபு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்வதும் சரியில்லை. லிகாட்டியைத் தான் வாசித்ததை அந்த வருசத் தொடக்கத்திலேயே பேட்டியொன்றில் பிஸோலாட்டோ சொல்லியிருந்தார். தொடருக்குள்ளும் எங்காவது ஒரு நன்றி போட்டிருந்தால் இவ்வளவு சத்தம் எழும்பியிராது.

இனி 'சுழல்'. புஷ்கர்–காயத்ரி உருவாக்கி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கி, 2022 ஜூனில் பிரைம் வீடியோவில் வந்தது. சாம்பலூர் என்ற கற்பனை ஊர். ஆலையில் தீ, ஒரு பெண்பிள்ளையைக் காணவில்லை, ஊரெல்லாம் மயானக் கொள்ளைத் திருவிழா. கொலை விசாரணைக்குள் சடங்கின் நிழல் விழுவதை வைத்து அமெரிக்கத் தொடரோடு ஒப்பிடலாம்தான். ஆனால் அங்கே சடங்கு வெறும் பெயரும் கோலமுமாகத் தொங்குகிறது. இங்கே அதுதான் எலும்பு. பிரம்மனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய சிவனின் கையில் கபாலம் ஒட்டிக்கொள்ள, அங்காளம்மன் மயானத்தில் சோற்றை இறைத்து அதைக் கீழே இறக்கி மிதித்தாள் என்பது அந்தத் திருவிழாவின் கதை. தமிழ்நாட்டின் மேல்மலையனூரில் மாசி அமாவாசையன்று அதை இன்றும் நடத்துகிறார்கள். சனங்கள் தானியமும் காய்கறியும் மயானத்தில் வாரி இறைப்பார்கள். விசாரணை நகர நகரத் தொடரில் இந்தத் திருவிழாவும் நகர்கிறது. ஏன் அப்படி என்பது கடைசியில்தான் விளங்கும், நான் சொல்லமாட்டேன். இதே புஷ்கர்–காயத்ரிதான் 2017இல் வேதாளக் கதையின் கேள்வி–பதில் சட்டத்துக்குள் 'விக்ரம் வேதா' படத்தைப் பூட்டியவர்கள். பழங்கதையை எலும்பாக வைப்பது அவர்கள் கைப்பழக்கம்.

வன்னியில் இருந்துகொண்டு இதற்கு வியக்கத் தேவையில்லை. பொய்யான களவுப் பழி, விசாரிக்காமல் வெட்டிய தலை, நீதி கேட்டு வந்த பெண்சாதி என்று முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தாக ஆடியது குற்றக் கதைதானே. அது சிலப்பதிகாரத்தின் கொப்பியா? ஈழத்துக் கண்ணகி வழக்குரையில் கண்ணகி மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். இளங்கோவடிகளிடம் அந்த மாங்கனியே இல்லை. வற்றாப்பளைக் கண்ணகி கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் சனம் காவியத்தை வாசித்துவிட்டா அங்கே போகிறது? கதை ஒன்று, வந்த வழிகள் பல.

இவ்வளவும் சொன்ன பிறகு, மூலத்தையே வாசித்துவிடுகிறேன் என்று மருமகன் போனான். சேம்பர்ஸின் புத்தகத்துக்கு உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, போனில் இலவசமாகவே இறக்கலாம். புதன்கிழமை இரவு அழைத்தான்.

"மாமா, முதல் நாலு கதையிலயும் மஞ்சள் அரசன் வாறான். கடைசி நாலிலயும் ஆளையே காணேல்ல. பாரிசில படம் கீறப் படிக்கிற பெடியள் காதலிச்சுக்கொண்டு திரியிறாங்கள்."

"அதுக்கென்ன, வாசி."

"வாசிச்சிட்டன். அதுவும் நல்லாத்தான் கிடக்கு."